டுரான் டுரானைப் பாக்கப் போய் 177 பவுண்ஸ் துலைச்ச கதை

2025 கோடையில ஒயேசிஸ் எண்ட இங்கிலிஷ் பாண்டின்ர அண்ணன் தம்பி ரெண்டு பேரும் 16 வருசத்துக்குப் பிறகு திரும்பச் சேந்து பாடினவை எல்லோ, லண்டன் வெம்பிளி ஸ்ரேடியத்தில மட்டும் ஏழு இரவு. அதுக்கு ரிக்கெற் வாங்கிறன் எண்டு என்ர அக்கான்ர மகன் 400 பவுண்ஸை ஆரோ முன்பின் தெரியாத ஒருத்தனுக்கு பாங்கில இருந்து நேர அனுப்பிப்போட்டு, அண்டைக்கு இரவு எனக்குப் போன் எடுத்து "சின்னம்மா, அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ" எண்டு அழுமாப்போல கதைச்சான். எனக்கு அவனில கோவம் வரேல்ல, என்னிலதான் வந்தது. ஏனெண்டா இதே வெம்பிளியில 2004 இல எனக்கும் இதே கூத்துத்தான் நடந்தது, இருபது வருசமா அதை என்ர மனுசனைத் தவிர ஒருத்தருக்கும் முழுசாச் சொல்லேல்ல. டுரான் டுரான் எண்ட ஒரு எண்பதுகளின்ர பாண்ட் திரும்பச் சேந்ததுக்காக ரெண்டு பிள்ளைக்குத் தாய் ஏமாந்து போய் ரோட்டில நிண்டு அழுதவ எண்டு ஆருக்குச் சொல்லுறது?

என்னத்துக்கு டுரான் டுரான் எண்டு கேப்பியள். நான் 1986 இல, பதினைஞ்சு வயசில யாழ்ப்பாணத்தில இருந்து லண்டனுக்கு வந்தனான். இங்கிலிஷ் வாசிப்பன், ஆனா பள்ளிக்கூடத்தில பிள்ளையள் கதைக்கிறது ஒண்டும் பிடிபடாது. கூடப் படிச்ச ஒரு பிள்ளை என்னைத் தன்ர வீட்டை கூட்டிக்கொண்டு போய், ரீவியில இருந்து பதிஞ்சு வச்ச வீடியோ கசற் ஒண்டைப் போட்டாள். அதில ஒரு மலை வருது, பாத்தா சிகிரியா! பொலன்னறுவைச் சிலையள், யானை, தெற்குப் பக்கக் கடற்கரை எல்லாம் வருது. அதுதான் சேவ் எ பிரேயர் பாட்டு. 1982 இல ரசல் மல்கேயி எண்ட டிரெக்டர் இவையைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்குப் போய் அங்க வச்சு எடுத்த வீடியோ. ஹங்கிரி லைக் த வூல்ஃபும் அதே பயணத்தில எடுத்ததுதான். எங்கட ஊர் யாழ்ப்பாணம், சிகிரியா எங்கட பக்கமே இல்லை. ஆனா எட்டு வயசில அப்பாவோட அந்தச் சிங்கப் பாதத்துக்கு மேல இரும்புப் படியில ஏறப் பயந்து குழறினது ஞாபகம் வந்து நான் அந்தப் பிள்ளையின்ர வீட்டு சோபாவில இருந்து விம்மி விம்மி அழ, அவள் நான் பாட்டுக்காரன் சைமன் லெ பொன்னின்ர வடிவில மயங்கித்தான் அழுறன் எண்டு நினைச்சிட்டாள். நானும் திருத்தேல்ல. பேந்து உண்மையாவே மயங்கித்தான் போனன், அது வேற கதை.

தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்லுறன். 1978 இல பேர்மிங்ஹாமில நிக் ரோட்ஸும் ஜோன் ரெய்லரும் துவங்கின பாண்ட். பேந்து ரொஜர் ரெய்லர், அண்டி ரெய்லர், 1980 இல சைமன் எண்டு அஞ்சு பேர் ஆனவை. மூண்டு ரெய்லர், ஆனா ஒருத்தருக்கு ஒருத்தர் சொந்தம் இல்லை, எனக்கு இது விளங்கவே ஒரு வருசம் எடுத்தது. நான் லண்டனுக்கு வந்து இறங்கேக்க அந்த அஞ்சு பேர் ஏற்கனவே உடைஞ்சாச்சு. 1985 ஜூலை 13 பிலடெல்பியாவில லைவ் எய்ட் எண்ட நிவாரணக் கச்சேரியில சேந்து பாடினதுதான் கடைசி, அதோட அண்டியும் ரொஜரும் விலகினவை. மற்றாக்கள் விடாமல் நடத்திக்கொண்டுதான் வந்தவை, நல்ல பாட்டுகளும் குடுத்தவை, ஆனா நான் நேசிச்ச அந்த அஞ்சு பேரை ஒரே மேடையில பாக்கிற குடுப்பினை எனக்கு இல்லை எண்டு மனசைத் தேத்திட்டன். அப்பிடி இருக்க 2003 ஜூலையில ஜப்பானில அஞ்சு பேரும் ஏறினவை, ரோக்கியோ புடோகானில நிண்ட படத்தை வேலை இடத்துக் கொம்பியூட்டரில பாத்தனான், கையெல்லாம் நடுங்கிச்சு. பேந்து 2004 ஏப்ரல், வெம்பிளி அரீனாவில அஞ்சு இரவு எண்டு செய்தி. நான் அப்ப இருந்தது அல்பேர்ட்டன் பக்கம், 83 பஸ் எடுத்தா வெம்பிளி பார்க். பதினெட்டு வருசம் காத்திருந்த சாமி வீட்டு வாசலுக்கே வாற மாதிரி.

இனி என்ர விசர் வேலை. ரிக்கெற் வித்துத் துலைஞ்சு போச்சு எண்டு தெரியேக்க நான் இன்னும் மனுசனிட்டச் சொல்லோணுமா விடோணுமா எண்டு யோசிச்சுக்கொண்டே இருந்தன். அவர் அப்ப பெற்றோல் ஸ்ரேசனில இரவு வேலை, மாமி எங்களோட, பிள்ளையள் சின்னன். "கண்டறியாத வெள்ளைக்காரப் பாட்டுக்கு இவ்வளவு காசோ" எண்டு மாமி சொல்லுறது எனக்கு முன்கூட்டியே காதில கேக்குது. அதால ஒருத்தருக்கும் சொல்லாம நெற்றில தேடினன். ஒரு வெப்சைற், பாக்க நல்ல கொம்பனி மாதிரி, ரிக்கெற் ஏஜென்சி எண்டு போட்டிருந்தது. ஒரு ரிக்கெற் 165 பவுண்ஸ், பதிவுத் தபாலுக்கு இன்னும் 12. உள்ள விலையின்ர பல மடங்கு. போன் அடிச்சன், ஒரு மரியாதையான ஆம்பிளைக் குரல். காட் நம்பர் குடுக்க வெளிக்கிட, "இண்டைக்கு எங்கட காட் மிசின் வேலை செய்யேல்ல, நாளைக்கு இந்த விலைக்குத் தரேலாது, பாங்கில காசாப் போட்டா உடன எடுத்து வைக்கிறன்" எண்டான். நான் என்ன செய்தனான் தெரியுமோ, அந்த மாசம் சீட்டுக்குக் கட்ட வச்ச காசை எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில பாங்குக்கு ஓடிப்போய் அவன் தந்த எக்கவுண்டில போட்டன். பாங்கில இருந்த பிள்ளை ஆருக்கு எண்டு கேட்டது, சொந்தக்காரருக்கு எண்டு பொய் சொன்னன். அந்தப் பொய்யை இப்ப நினைச்சாலும் கூசுது.

இதில கொஞ்சம் நிப்பாட்டிச் சொல்லோணும். காட் மிசின் வேலை செய்யேல்ல எண்டு ஒருத்தன் சொன்னா அதோட போனை வச்சிடுங்கோ, வேற விளக்கமே வேண்டாம். இப்ப மிசின் எண்டு சொல்ல மாட்டாங்கள், "பாங்க் ரான்ஸ்பர் எண்டா பீஸ் இல்லை" எண்டோ "நண்பருக்கு அனுப்பிற மாதிரி அனுப்பு" எண்டோ சொல்லுவாங்கள், விசயம் ஒண்டுதான், காட்டால கட்டினா நீங்கள் திருப்பிக் கேக்க ஒரு வழி இருக்கு, அது அவங்களுக்குத் தெரியும். பிரிட்டனில கிரெடிட் காட்டில 100 பவுண்ஸுக்கு மேல 30,000 வரைக்கும் விலையான ஒரு சாமானை வாங்கி அது வராமப் போனா, 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தின்ர 75 ஆம் பிரிவில காட் கொம்பனியும் பொறுப்பு. ஒரு ரிக்கெற்றின்ர விலை நூறைத் தாண்டோணும், ரெண்டு மூண்டு ரிக்கெற்றைக் கூட்டி நூறு எண்டு கணக்குப் பாக்கேலாது. அதோட இடையில ஆரோ ஒருத்தன்ர ரிக்கெற்றை வித்துக் குடுக்கிற வெப்சைற் எண்டா இந்த 75 சில நேரம் வேலை செய்யாது, அப்ப சார்ஜ்பாக், அதாவது கட்டின காசைப் பாங்க் மூலம் திருப்பி எடுக்கிற வழி, எண்டு கேட்டுப் பாக்கலாம், டெபிற் காட்டுக்கும் அது இருக்கு. எனக்கு இதில ஒரு சொல்லும் அப்ப தெரியாது. போன் நம்பர் கைத்தொலைபேசி நம்பர் எண்டதையும், அந்த வெப்சைற்றில ஒரு விலாசமும் இல்லை எண்டதையும் நான் கண்டனான், கண்டும் காணாத மாதிரி விட்டனான். ஆசை கண்ணை மறைக்கும் எண்டு அம்மா சொல்லுறது சும்மா இல்லை.

ரிக்கெற் வந்தது, அதுதான் பகிடி. வராமலே போயிருந்தா அந்த இரவு நடந்திராது. உறையைக் குளியலறைக்குள்ள கொண்டுபோய்க் கதவைப் பூட்டிப்போட்டுத்தான் திறந்து பாத்தன். வடிவான ரிக்கெற், பாண்டின்ர பேர், திகதி, புளொக், வரிசை, சீற் நம்பர் எல்லாம் இருந்தது. வேலை இடத்தில ஒருத்தியின்ர பேர்த்டே எண்டு வீட்டில சொன்னன். ஈஸ்டர் லீவு, பிள்ளையள் வீட்டில, மாமியிட்ட விட்டிட்டு, அறுபது பவுண்ஸுக்கு வாங்கின கறுப்பு ஜக்கெற்றை ஒரு பையுக்குள்ள ஒளிச்சு எடுத்துக்கொண்டு போய் பஸ்ஸுக்கிள்ள வச்சுப் போட்டன். 33 வயசில. பழைய ஸ்ரேடியத்தை இடிச்சுப்போட்டுப் புதுசு கட்டிக்கொண்டிருந்த நேரம் அது, இப்ப எல்லாரும் படம் எடுக்கிற அந்தப் பெரிய வளைவு அப்ப இன்னும் எழும்பேல்ல, எங்க பாத்தாலும் கிரேன். அதுக்குள்ளால என்ர வயசுப் பொம்பிளையள் கூட்டம் கூட்டமா, பழைய ரீசேட் இறுகிப் போய், சிரிச்சுக்கொண்டு நடக்கினம். என்னைப் போல விசருகள் இவ்வளவு பேர் இருக்கினமே எண்டு மனசு நிறைஞ்சு போச்சு.

வாசலில நிண்ட மனுசன் ரிக்கெற்றை வாங்கி விரலால ஒருக்காத் தடவினார், வெளிச்சத்தில சரிச்சுப் பாத்தார். அவற்ற முகத்தைக் கண்டதுமே எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. இன்னொருத்தரைக் கூப்பிட்டார். ரெண்டு பேரும் என்னை ஓரமாக் கூட்டிக்கொண்டு போய் ஆறுதலாத்தான் சொன்னவை, இந்தப் புளொக்கில இப்பிடி ஒரு வரிசையே இல்லை, இது அச்சடிச்ச பொய் ரிக்கெற், எங்க வாங்கினீங்கள் எண்டு. நான் விளங்காத மாதிரித் திரும்பத் திரும்ப "நான் காசு கட்டினனான், நான் காசு கட்டினனான்" எண்டு சொல்லுறன். எனக்குப் பின்னால நிண்ட சனம் பாக்குது. பேய்க்காட்டிப்போட்டான் எண்டு விளங்கேக்க வந்தது கோவம் இல்லை, வெக்கம். ஊரில இருந்து வந்த முதல் வருசம் பஸ்ஸில பிழையான காசு குடுத்து எல்லாரும் திரும்பிப் பாத்தவை, அதே வெக்கம். பேந்து வீட்டை வந்து அரீனாவின்ர சீற் படத்தை நெற்றில பாத்தன், அஞ்சு நிமிச வேலை, உண்மையிலயே அந்த வரிசை இல்லை. ரிக்கெற் வாங்க முதல் புளொக் எது, வரிசை எது எண்டு கேட்டு அந்த இடத்துப் படத்தோட ஒத்துப் பாருங்கோ, வரிசை சொல்ல மாட்டன் எண்டு சொல்லுறவனிட்ட வாங்காதேங்கோ.

உள்ள துவங்கிச்சு. நான் வீட்டை போகேலாது, பேர்த்டே எண்டெல்லோ சொல்லியிருக்கு, எட்டரை மணிக்குத் திரும்பிப் போய் என்னத்தைச் சொல்ல? மதிலோட சாஞ்சு நிண்டன். பாட்டு வடிவாக் கேக்காது, ஜோன் ரெய்லரின்ர பேஸ் கிற்றார் மட்டும் மதிலுக்குள்ளால முதுகில அடிக்குது, பிறகு ஆயிரக்கணக்கான பொம்பிளையளின்ர கூச்சல். அழுதுகொண்டு நிண்ட என்னட்ட மூண்டு பேர் வந்தவை, நாப்பதுக்குக் கிட்ட வயசு, அவைக்கு அண்டைய இரவுக்கு ரிக்கெற் இல்லை, முதல் இரவு பாத்திட்டினம், ஆனாலும் வெளியில நிண்டு கேப்பம் எண்டு வந்தவையாம். ஒருத்தி பேர்மிங்ஹாம். பிளாஸ்கில இருந்து தேத்தண்ணி ஊத்தித் தந்து, ஆரார் எங்க எப்ப முதல் கேட்டது எண்டு கதைக்கத் துவங்கினவை. ஒருத்தி பதினாலு வயசில அறைச் சுவர் முழுக்க ஜோனின்ர படம் ஒட்டித் தகப்பனிட்ட அடி வாங்கினவ. இன்னொருத்தி லைவ் எய்ட் இரவு முழிச்சிருந்து ரீவியில பாத்தவ, சைமனின்ர குரல் உச்சத்தில பிசகினதுக்குப் பள்ளிக்கூடத்தில எல்லாரும் நக்கலடிக்க இவ ஒருத்தியோட கைகலப்புக்கே போனவவாம். என்ர முறை வர நான் சிகிரியாக் கதையைச் சொன்னன். மூண்டு பேரும் அப்பிடியே நிண்டிட்டினம். "நீ அங்கத்த ஆளா!" எண்டு பேர்மிங்ஹாம்காரி என்ர கையைப் பிடிச்சவ, பேந்து விடேல்ல. நிக் ரோட்ஸ் லண்டனில ரியோ அல்பத்தின்ர மிக்சிங் முடிச்சுப்போட்டுத் தோல் உடுப்போட கொழும்பு வெயில்ல வந்து இறங்கின கதை, அண்டி அங்கத்தத் தண்ணி வாய்க்குள்ள போய் வருத்தக்காரனா வந்து சேந்த கதை எல்லாம் அவை எனக்குச் சொல்லீனம், என்ர நாட்டுக் கதையை எனக்கு. பதினெட்டு வருசத்தில இதைப்பற்றி ஒருத்தரோட முகம் பாத்துக் கதைச்சது அண்டைக்குத்தான் முதல் தரம். 177 பவுண்ஸ் நினைச்சா இண்டைக்கும் எரியுது, ஆனா அந்த மதில் கரையில நிண்ட ஒண்டரை மணித்தியாலத்தை மட்டும் நான் குறை சொல்ல மாட்டன்.

பேர்மிங்ஹாம்காரிதான் எனக்கு வழி சொன்னவ. மேடை, ஸ்பீக்கர், கமரா எல்லாம் வச்சு முடிய எவ்வளவு இடம் மிச்சம் எண்டு அவைக்கே அண்டைக்குத்தான் தெரியும், முதலே விக்காம வச்ச சீற்றுகளை ஷோ அண்டு மத்தியானத்துக்குப் பிறகு பொக்ஸ் ஒபிசில விடுவினம், தனி ஆளா நீ வந்தா ஒரு சீற் கிடைக்கச் சந்தர்ப்பம் கூட, ரெண்டு கேட்டாத்தான் கஷ்டம் எண்டா. இது இப்பவும் பல இடங்களில உண்மைதான், இப்ப ஒன்லைனிலயும் ஷோவுக்குக் கிட்டக் கிட்ட விடுவினம், ஒபிசியல் சைற்றை அடிக்கடி திறந்து பாக்கிற பொறுமை இருந்தாக் காணும். ரோட்டில நிண்டு "ரிக்கெற் வேணுமோ" எண்டு காதுக்குள்ள சொல்லுறவையின்ர பக்கம் திரும்பவே வேண்டாம் எண்டும் சொன்னவ. அண்டைக்கு அவை என்னட்ட ரெண்டு தரம் வந்தவை, முகத்தைப் பாத்தாலே தெரியும்தானே, அழுத கண்.

வீட்டை போக மனுசன் வேலைக்கு வெளிக்கிடுற நேரம். பேர்த்டே எப்பிடி எண்டு கேட்டார். நான் குசினிக்க நிண்டு எல்லாத்தையும் கொட்டிட்டன், சீட்டுக்காசு உட்பட. கத்துவார் எண்டு நினைச்சன். கத்தினவர்தான், ஆனா காசுக்கில்ல. "என்னப்பா இது, கேட்டிருந்தா நான் என்ன கடிச்சே தின்னுவன், தனியப் போய் ரோட்டில நிண்டனீரோ" எண்டு. பேந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "அடுத்தது எண்டைக்கு? மத்தியானம் நான் கொண்டுபோய் இறக்கிவிடுறன், முடிய எத்தினை மணி ஆகும்?" எண்டார். மாமிக்கு நாங்கள் சொல்லேல்ல. எனக்கு இப்பவும் விளங்காதது, பாங்கில இருந்த பிள்ளைக்குப் பொய் சொல்ல வந்த துணிவு வீட்டில உண்மை சொல்ல ஏன் வரேல்ல எண்டதுதான். அவரிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, காட் மிசின் கதையைக் கேட்டு அந்த மனுசன் சிரிச்சிருப்பார், அவர் இரவு முழுக்கக் காட் மிசினோட நிக்கிற ஆள்.

அடுத்த ஷோ அண்டு பன்னிரண்டு மணிக்கே போய் வரிசையில நிண்டன். குளிர். ரெண்டு தரம் ஒண்டும் இல்லை எண்டினம், மூண்டு மணித்தியாலம் கழிச்சு ஒரே ஒரு சீற், மேடைக்குப் பக்கவாட்டில, நாப்பது பவுண்ஸுக்குள்ளதான். காட்டால கட்டினன், மிசின் நல்லா வேலை செய்தது. இரவு லைற் நிக்க, அஞ்சு பேரும் மேடையின்ர முன் விளிம்புக்கு வந்து வரிசையா நிண்டவை. பாடேல்ல, ஒண்டும் வாசிக்கேல்ல, சும்மா எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டவை. பதினெட்டு வருசத்தை அப்பிடி நிண்டே தீத்துப்போட்டினம். எனக்கு அண்டியின்ர முதுகும் ரொஜரின்ர ட்ரம்ஸும்தான் வடிவாத் தெரிஞ்சது, சைமன் அரைவாசி நேரம் ஸ்பீக்கருக்குப் பின்னால. குரல் சில இடத்தில தடக்கினது, வயிறும் வச்சிட்டுது, உண்மையைச் சொல்லத்தானே வேணும். ஆனா ரொஜர் அந்தக் கம்புகளைத் தூக்கின விதம், பண்ணையில போய் ஒதுங்கி இருந்த மனுசன் எண்டு ஆரும் நம்ப மாட்டினம். சேவ் எ பிரேயரின்ர அந்த முதல் கீபோட் வளைவு வர லைட்டர்களும் கைத்தொலைபேசி வெளிச்சமும் ஹோல் முழுக்க எழும்பிச்சு, நான் அப்பாவை நினைச்சன். அவர் 1990 இல ஊரிலயே போயிட்டார், செத்த வீட்டுக்கும் போகேலாமப் போச்சு. பக்கத்தில இருந்த ஒரு வெள்ளைக்காரி ஒண்டும் கேக்காம ரிஷ்யூ நீட்டினவ.

காசு திரும்பி வந்ததோ எண்டா இல்லை. பொலிசில எழுதினன், ஒரு இலக்கம் தந்தவை, அதோட சரி. பாங்கில போய்க் கேக்க, நீங்களே கையால காசைப் போட்டனீங்கள், நாங்கள் ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்லிச்சினம். அந்த வெப்சைற் ஒரு கிழமைக்குள்ள மாயம். அக்கான்ர மகனுக்கு மட்டும் காலம் கொஞ்சம் இரங்கியிருக்கு. 2024 ஒக்ரோபர் 7 இல இருந்து பிரிட்டனில இப்பிடி ஏமாந்து பாங்க் ரான்ஸ்பர் செய்தா, பாங்க் திருப்பித் தரோணும் எண்டு விதி, 85,000 பவுண்ஸ் வரைக்கும், முதல் நூறை அவை கழிக்கலாம், 13 மாசத்துக்குள்ள சொல்லோணும். நான் அவனை அந்த இரவே 159 க்கு அடிக்கச் சொன்னன், அது உங்கட பாங்கின்ர மோசடிப் பகுதிக்கு இணைக்கிற இலக்கம், ஏமாத்தினவன் தந்த நம்பருக்குத் திருப்பி அடிக்கக் கூடாது. வெக்கத்தில நடந்ததைக் குறைச்சுச் சொல்லாத, வந்த மெசேஜ் எல்லாத்தையும் அழிக்காமப் படம் எடுத்து வை எண்டு சொன்னன், ஏனெண்டா அவன் அதைத்தான் முதல் அழிக்க வெளிக்கிட்டவன். 300 திரும்பி வந்தது. அக்காக்கு இண்டைக்கும் தெரியாது, இதை வாசிச்சா அவளுக்கு விளங்கும், விளங்கட்டும்.

பேர்மிங்ஹாம்காரியோட நான் இப்பவும் தொடர்பு. 2006 இல அண்டி திரும்ப விலகேக்க முதல் போன் அவவின்ரதான், "வச்சுப் பாக்கத் தெரியாத பெடியங்கள்" எண்ட மாதிரித் திட்டினவ. 2022 நவம்பரில லொஸ் ஏஞ்சல்சில, பெரிய பாட்டுக்காரரைக் கௌரவிக்கிற ரொக் அண்ட் ரோல் ஹோல் ஒப் ஃபேமில அவையைச் சேத்தவை, அஞ்சு பேரும் திரும்ப நிப்பினம் எண்டு நாங்கள் ரெண்டு பேரும் முழிச்சிருந்தம். அண்டி வரேல்ல. அவற்ற கடிதத்தைத்தான் சைமன் வாசிச்சவர், நாலாம் கட்டப் புற்றுநோய் எண்டு. இங்க விடியப்புறம். கொஞ்ச நேரத்தால என்ர போனில அவவின்ர மெசேஜ்: "நீ அண்டைக்கு இருந்த பக்கம் அண்டியின்ர பக்கம்தானே?" ஓம் எண்டு எழுதினன், முதுகு மட்டும்தான் தெரிஞ்சது எண்டும் எழுதினன்.